மூன்றாம் கேள்வி

பெட்டி இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தது.
தோண்ட வேண்டாம். ஒன்றையும் எடுக்க வேண்டாம்.
போய் நில், பார், எண்ணு,
மூன்று கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பு.
'மணல்நண்டு' என்ற பெயரில் யாரோ ஒருவர்
மட்டக்களப்பு முழுக்கக் கற்களை ஒளித்து வைத்திருக்கிறார்,
அவை எப்போதும் கிடக்கிற இடத்திலேயே.

சனிக்கிழமை அரைநாள் முடிய
நானும் ஹஸ்மியாவும் வெளிக்கிட்டோம்.
தையல் அளவுநாடா, பூதக்கண்ணாடி,
உடைந்த ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம்,
இரண்டு போத்தல் தண்ணீர்.
ஸ்கூட்டியைக் கிளப்பவே தேவைப்படவில்லை.
அம்புக்குறி திரும்பி
எங்கள் வங்கியின் படியைக் காட்டியது.

ஆறு வருடம் மிதித்த படி.
குந்தியிருந்து பார்த்தால்
கறுப்பும் வெள்ளையும் வரிவரியாய்,
பாதிப் பிசைவில் கைவிட்ட மாவைப் போல் நெளிந்து,
இடையிடையே கடுகளவு சிவப்பு.
"மாணிக்கமா?" என்றாள்.
கார்னெட். நகைக்கடை திரும்பியும் பாராது.
கடதாசியில் ஒட்டி மரம் தேய்ப்பார்கள்.
ஒரு சாண் சதுரத்துக்குள் எத்தனை?
நாற்பத்தொன்று என்றேன். முப்பத்தெட்டு என்றாள்.
நாள் முழுக்கக் காசு எண்ணுகிறவர்கள் இருவரும்.
மறுபடி எண்ணினோம்.
நகை மீட்க வந்த ஒருவர் எங்களைக் கடந்துபோய்
பூட்டிய கதவைத் தள்ளிப் பார்த்தார்.

கோட்டைச் சுவரடியில் காவலர் வந்தார்.
"என்னத்தத் துலைச்சிங்க?"
"ஒண்டும் துலைக்கல்ல. தேடுறம்."

சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் உறைத்தது.
இங்கே தேடுதல் என்றால்
விடியப்புறம் நாய்கள் குரைக்கும்,
ஆண்கள் சந்தியில் குந்தியிருப்பார்கள்.
தேடுதல் என்றால்
ஒரு புகைப்படத்தைப் பிளாஸ்ரிக் உறையிலிட்டு
வாசல் வாசலாய்க் கொண்டுபோவது.

அளவுநாடாவைப் பார்த்தார். "சுவரையா?"
"சுவருக்குள்ள சிப்பி இருக்கா எண்டு."
கொஞ்சநேரம் பேசாமல் நின்றார். பிறகு
சப்பாத்து நுனியால், தொடாமல், காட்டினார்:
"அந்த மூலையில ஒரு பவளக்கல் இருக்கு, போங்க.
இரா டியூட்டியில டோர்ச் அடிச்சா
மூளை மாதிரித் தெரியும்."
பகலிலும் அப்படித்தான் தெரிந்தது.
சுண்ணாம்புக்குள் பாதி புதைந்து
எதையோ நினைத்துக்கொண்டிருந்தது.

பார் வீதி முடிய, வெளிச்சவீடு தாண்டி, முகத்துவாரம்.
மணலில் காந்தத்தை இழுத்தேன்.
கறுப்பு மீசை முளைத்தது.
ஹஸ்மியா அதைத் தன் மேலுதட்டில் வைத்துப் படம் எடுத்தாள்.
இன்னும் பதினாலு மீற்றர் என்றது போன்.
முன்னால் தண்ணீர்.
நேற்றோ முந்தநாளோ வாய் திறந்திருக்க வேண்டும்,
வாவி தேயிலை நிறத்தில் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.
மூன்றாம் கேள்வி:
அம்புக்குறி நிற்கும் இடம் நிலமா, நீரா? திகதி எழுதுக.

சல்வாரைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள்.
அளவுநாடாவின் ஒரு முனை அவளிடம்,
மறுமுனை என்னிடம்.
ஒன்றரை மீற்றரில் நாடா முடிந்தது.
விடவும் மனமில்லை, இழுக்கவும் மனமில்லை.
"காலுக்குக் கீழ போகுது" என்றாள்.
"என்ன?"
"எல்லாம்தான். மணல்."
ஏறி வந்தாள். நீர் என்று எழுதினோம்.

இரவு பதினொன்றுக்குப் பதில் வந்தது:
இரண்டாவது சரி.
மூன்றாவது எதுவென்றாலும் சரி.
நான் குறித்த அன்று அங்கே மணல்,
ஒரு செவலை நாய் படுத்திருந்தது.
முதலாவது முப்பத்தொன்பது. திரும்ப எண்ணவும்.

திங்கள் காலை எட்டே கால்.
காசு வாகனம் வந்து நிற்கிறது,
துப்பாக்கிக்காரர் இறங்க இடமில்லாமல் பார்க்கிறார்.
படியில் குந்தியிருக்கிறாள் ஹஸ்மியா,
சீருடைச் சேலையை முழங்காலுக்குள் செருகிக்கொண்டு,
ஒரு விரலை உயர்த்தி:
பொறுங்க, பொறுங்க,
இருபத்தேழு.