கழிவு போக

பிப்ரவரியில் ரப்பர் படகு காற்றிறங்கிக்
கொட்டகைக்குள் மடங்கிக் கிடக்கும்.
அப்போதுதான் நான் ஓர்த்தா கடைவீதியில் இறங்குவேன்,
உறைக்குள் ஒரே ஒரு தாளோடு:
ஆளுக்கு அறுபத்தைந்து யூரோ,
விற்றுத் தருகிற உங்களுக்கு ஐம்பத்திரண்டு,
இருக்கை பன்னிரண்டு.
திமிங்கிலம் வரும் என்று எழுதவில்லை.
வரலாம் என்று எழுதியிருக்கிறேன்.

துறைமுக ஓட்டல் ஃபாவுஸ்டோ தாளைத் தொடவில்லை.
முப்பது சதவீதம், என்றான்,
கூடவே முதலாளியின் மருமகனுக்கு
வாரம் ஓர் இருக்கை சும்மா.
சன்னலுக்கு வெளியே, கால்வாய்க்கு அப்பால்,
பிக்கோ மலை மேகத் தொப்பியைக்
கண்வரை இழுத்து விட்டுக்கொண்டது.
இருபத்தைந்தில் முடிந்தது. மருமகனோடு.
அவனைக் குறை சொல்ல மாட்டேன்.
முகவர் என்றால் முகம்.
முகத்துக்கும் வாடகை உண்டு.

லிஸ்பன் நிறுவனம் பதினான்கு பக்கம் அனுப்பியது.
அவர்கள் போடும் விலைக்குக் கீழே
நான் யாருக்கும் விற்கக் கூடாது,
சொந்தத் தங்கைக்குக்கூட.
பணம் நாற்பத்தைந்து நாள் கழித்து.
டீசல் கடை எர்மினியோவுக்கு
ஏழுக்கு மேல் நாள் எண்ணத் தெரியாது.
ஒன்பதாம் பக்கத்தில் கடலைப் பற்றி ஒரே வரி:
தவிர்க்க இயலாத சூழல்.
சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டேன்.
காலி இருக்கையின் எடை கடலுக்குத் தெரியாது,
வங்கிக்குத் தெரியும்.

டாக்சி உர்பானோ தாளே வேண்டாம் என்றான்.
"பங்காளி என்று எழுதினால்
பாகப்பிரிவினையும் எழுத வேண்டி வரும், சுல்மீரா.
ஆள் அனுப்புகிறேன். காப்பி வாங்கிக் கொடு."

மருந்துக்கடைக்குப் போக எனக்குத் தோன்றவே இல்லை.
தலைவலி மாத்திரை வாங்கப் போன இடத்தில்
கிராசியெத்தேதான் பேச்செடுத்தாள்:
குமட்டலுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர்
இன்னும் படகே பிடிக்காதவர்கள்.
"அனுப்புகிறேன். எனக்குச் சதவீதம் வேண்டாம்.
காலை ஆறு மணிக்கு உண்மையைச் சொல்.
படகு போகாத நாளில் விற்ற மாத்திரையை
என் மேசையில்தான் வந்து வீசுவார்கள்."
மற்ற எல்லாரிடமும் பேரம் பேசி ஜெயித்திருந்தேன்,
அல்லது தோற்றிருந்தேன்.
இவளிடம் எதைக் குறைப்பது?

ஜூலை பத்தொன்பது.
ஓட்டலும் லிஸ்பனும்
கடைசி இரண்டு இருக்கைகளை
ஒரே நிமிடத்தில் விற்றிருந்தன.
துறைமேடையில் பதினான்கு பேர்,
உரிமம் பன்னிரண்டுக்கு.
கடைசியில் வந்தவர்கள் டச்சுக்காரர்கள்,
அப்பாவும் மகளும்.
அவள் கழுத்தில் அவளைவிடக் கனமான தொலைநோக்கி.
ஓட்டலில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.
லிஸ்பன் எனக்குப் பியானோ வாசித்துக் காட்டியது.

உர்பானோவைக் கூப்பிட்டேன்.
நூற்று முப்பதையும் எண்ணித் திருப்பிக் கொடுத்து
இருவரையும் அவன் வண்டியில் ஏற்றினேன்.
எரிமலைச் சாம்பலில் இடுப்புவரை புதைந்த
கலங்கரை விளக்கத்துக்குப் போனார்கள்.
நாங்கள் கடலுக்கு.

மாலையில் வந்தான். படகு விளிம்பில்
பதினெட்டு யூரோவை வைத்தான்.
"என்ன இது?"
"உன் கழிவு. நீ அனுப்பிய ஆள், என் வண்டி."
குளிர்காலம் முழுக்க நான் பிறருக்கு நீட்டிய சொல்
முதல் தடவையாக என் உள்ளங்கையில்,
வெதுவெதுப்பாக,
அவன் தின்ற பொரித்த மீனின் எண்ணெயோடு.
வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்க மாட்டேன்?

போகிற போக்கில் சொன்னான்:
விளக்கத்துக்கு அருகே மேட்டில் நின்று அந்தப் பெண்
மூன்று நீர்ப்பீச்சுகளைப் பார்த்தாளாம்,
பிறகு ஒரு வாலையும்.
எங்கள் பன்னிரண்டு பேர்
மூன்று மணி நேரம் அலையைப் பார்த்திருந்தோம்.
கணக்கேட்டில் அதை எங்கே எழுதுவது என்று
ராத்திரி பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.
எந்தப் பத்தியிலும் இடமில்லை.
யாருக்கும் கழிவில்லாத திமிங்கிலம்.

காலை ஆறு.
"கிராசியெத்தே, தென்மேற்குக் காற்று. இன்று இல்லை."
"சரி" என்றாள்.
மாத்திரை இழுப்பறை மூடும் சத்தம்
போனில் கேட்டது.