தரை அசையும் நாட்கள்

உப்பை விட்டு ஆறு வருடம்.
ட்விலிங்கேட் மீன்காரிக்கு
இதைவிடக் கேலியான விரதம் இல்லை.
இடது காதுக்குள் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று
இரவும் பகலும் உறுமுகிறது.

நாற்பது வருடம் படகில் குமட்டாதவள்
சமையலறையில், கெட்டில் பக்கத்தில்
கவிழ்ந்தேன்.

அக்கிக்குத் தடுப்பூசி போட்டுக்கொள் என்றார் டாக்டர்.
போட்டால் மறுபடி சுற்றுமா?
மருந்துக்கடை ட்ரூடி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"சுற்றாது என்று சத்தியம் பண்ண முடியாது, எட்னா.
சுற்றும் என்றும்."
பொய் சொல்லாதவளிடம்
எப்படிக் கோபித்துக்கொள்வது?

போன குளிர்காலம் தம்பி லெஸ்டருக்கு
நெற்றியிலிருந்து கண்வரை அக்கி.
கடல் உறைந்து படகு சிக்கிய இரண்டு இரவும்
வாய் திறக்காதவன்
தலையணை உறை பட்டதற்கு அலறினான்.
இன்னும் தொப்பி போடுவதில்லை.

ஜன்னலுக்கு வெளியே
தரைதட்டி நிற்கிறது ஒரு பனிப்பாறை.
உருகுமோ, உருண்டு புரளுமோ,
யாரும் கிட்டே போவதில்லை.

வெள்ளிக்கிழமைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.
சனி ஞாயிறு லெஸ்டர் வந்து தங்குவான்.
கட்டிலடியில் வாளி.
கழிவறைவரை சுவரோரம்
கயிறு இழுத்துக் கட்டியாயிற்று,
புயலுக்கு முன் தளத்தில் கட்டுவதுபோல.

இரண்டாவது ஊசியைப் பற்றி
இப்போது கேட்காதீர்கள்.