வலக்கால் பூட்ஸ்

முர்காபை விட்டுக் கிளம்பி மூன்றாம் நாள்.
சைக்கிளை ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டிருந்தேன்.
நாலாயிரம் மீட்டரில்
ஷூ கயிற்றைக் கட்டக் குனிவதே ஒரு வேலை.
கட்டினேன். நிமிர்ந்தேன்.
நெஞ்சுக்குள்ளிருந்து யாரோ
வண்டியைத் தவறவிட்டவர் மாதிரி ஓடினார்கள்.

வலப்பக்கம் எல்லை முள்வேலி.
அதற்கப்பால் யாரும் இல்லை.
இடப்பக்கம் வேலி இல்லை.
அங்கும் யாரும் இல்லை.

இருட்டுமுன் ஒரே ஒரு வீடு வந்தது.
சுவரோடு சாணி வறட்டி,
நீல நிலைக்கதவு, அதில் புருல்கான்.
என்னைப் பார்க்காமல்
எனக்குப் பின்னாலிருந்த சாலையைப் பார்த்தாள்,
மிச்சப் பேர் வருகிறார்களா என்று.

“ஜல்கிஸ்?”

தனியாகவா?
ஒன்பது நாளில் நான் அதிகம் கேட்ட கிர்கிஸ் சொல்.
ஆமாம் என்றேன்.
தேநீரில் இன்னொரு கரண்டி
யாக் வெண்ணெய் விழுந்தது. உப்பும்.

இரவு முழுக்க மண்டைக்குள் ஒரு ஆணி.
அடுப்பில் முட்செடி வேர் வெடித்துக்கொண்டிருந்தது.
அவள் கணவன் குதாய்பெர்கென்
பனிக்குள் ஆடு பார்க்கப் போனான்,
ரப்பர் செருப்போடு.
சுவரோரம் நல்ல பூட்ஸ் இரண்டு இருக்க
ஏன் செருப்பு?

காலையில்தான் கவனித்தேன்.
இரண்டும் வலக்கால்.

கதையைக் கையாலேயே சொன்னான்.
மேலே கணவாயில் மச்சான் தோப்சுபாய்,
பனி தள்ளும் வண்டிக்குக் காவல்.
கிளம்பிய அன்று கரண்ட் இல்லை.
இருட்டில் துழாவி ஒரு ஜோடியைச்
சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.
ஜோடி என்று அவன் நினைத்தது இரண்டு இடக்கால்.
இருபத்தாறு நாளாயிற்று.
சேதி கொண்டுவந்த லாரிக்காரன்
ஜன்னலில் கத்திவிட்டுப் போனானாம்;
இறக்கத்தில் அவனுக்கு பிரேக் பிடிக்காது.

மேலேதான் குளிர் அதிகம்,
அதனால் மேலே இருப்பவனுக்கு முதலில்.
புருல்கான் ஒரு பூட்ஸை எடுத்து
உள்ளே உலர்தயிர் உருண்டைகளைத் திணித்து
என் கேரியரில் வைத்துக் கட்டினாள்.
கொண்டுபோவாயா என்று யாரும் கேட்கவில்லை.

பதினேழு எட்டு. நிற்பது.
பதினேழு எட்டு. நிற்பது.
பதினெட்டாவது எட்டுக்குக் காற்று கிடையாது.
பொந்திலிருந்து மர்மோட் ஒன்று விசிலடித்தது.
பின்னால் பூட்ஸின் நாக்கு
லொடலொடவென்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது.
இந்தத் தனிமைக்காக
மூன்று வருட விடுப்பைச் சேர்த்தவன் நான்.
“கொஞ்சம் சும்மா இரு” என்றேன் தமிழில்,
திரும்பிப் பார்த்து.

உச்சியில் நாய் குரைத்தது.
தகரக் கொட்டகையிலிருந்து வந்தார் தோப்சுபாய்.
இடக்காலில் இடது.
வலக்காலிலும் இடது,
சுண்டுவிரல் பக்கம் கத்தியால் கீறி.
கீறியது தன்னுடையதா மச்சானுடையதா,
அவருக்கே தெரியாதாம்.

முகமன் இல்லை.
கயிற்றை அவிழ்த்தார், உருண்டைகளைக் கொட்டினார்,
படியில் உட்கார்ந்து காலை விட்டார்.
எழுந்து கொட்டகையை ஒரு சுற்று நடந்தார்.
இன்னொரு சுற்று.
மூன்றாவது சுற்றில்தான் நான் கண்ணில் பட்டேன்.

“ஜல்கிஸ்?”

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் பாதி உருண்டைகள் என் கையில் இருந்தன.

கீறிய பூட்ஸைத் தூக்கிக் காட்டி
எந்தப் பக்கம் போகிறாய் என்றார் தாடையால்.
வடக்கு என்று கைகாட்டினேன்.
பரவாயில்லை என்பதுபோல் அதை
ஜன்னல் விளிம்பில் வைத்தார்,
முனை தெற்கே பார்க்க.

இரண்டு நாள் கழித்து ஏரிக்கரையில்
எதிரே ஒருத்தி சைக்கிளில் வந்தாள்.
ஸ்லோவேனியா. அறுபது இருக்கும்.
உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது.
தண்ணீர் எங்கே, நாய் எங்கே என்று பேசிவிட்டு
“கணவாயில் ஒரு பூட்ஸ் இருக்கிறது” என்றேன்.

அவள் எதுவும் கேட்கவில்லை.
இறங்கி, கேரியரில் இருந்த கூடாரத்தைக்
கொஞ்சம் தள்ளிக் கட்டினாள்.