ஒன்பதாவது முறை

ஈசூன் காப்பிக்கடையில் மேசை பிடிக்க
டிஷ்யூ பொட்டலத்தை வீசியவர் ரூபேந்திரன்.
ஆட்டம் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.
எங்கள் செருப்புகளில் திடலின் சேறு காயவில்லை.
"ஒன்பது முறை" என்றார்,
உட்காருவதற்கு முன்பே.
"ஒன்பது முறை பந்தை எடுத்துக் கொடுத்திருக்கான்
அந்த எட்டாம் நம்பர்,
தீபாவளிக்கு அடுத்த வீட்டுக்குப்
பலகாரத் தட்டு நீட்டுற மாதிரி."

ஜீவகன் என்று பேர் சொல்ல மாட்டார்.
தோற்ற நாளில் அவன் வெறும் எட்டாம் நம்பர்.
போன மாதம் முப்பது மீட்டரிலிருந்து
ஒன்றை வலைக்குள் இறக்கியபோது
"நம்ம ஜீவா."
பாலிடெக்னிக் வாசலை மிதித்தே
இருபத்திரண்டு வருடமாகிறது எங்களுக்கு.
இருந்தாலும் அது நம்ம அணி,
தோற்றால் மட்டும் அவனுடையது.

அவருக்குத் தே ஓ கோசோங்.
எனக்குத் தே ஹலியா, தொண்டை கட்டியிருந்தது.

ஜுன் காய் கைப்பேசியில் திடலை வரைந்து வைத்திருந்தான்.
பந்து சேர்ந்த இடம் பச்சை,
பறிபோன இடம் சிவப்பு.
நடுக்கோட்டை ஒட்டி
அம்மை போட்டதுபோல் இருந்தது.
பச்சையை யாரும் எண்ணவில்லை.
நானும்தான்.

ஹஸ்புல்லா மட்டும் அவனுக்காகப் பேசினான்:
மின்னல் எச்சரிக்கை ஊதி
ஐம்பது நிமிடம் கூரைக்கடியில் உட்கார வைத்தார்களே,
சூடேறிய கால் ஆறிப்போகாதா,
தரை வேறு கஞ்சியாய்க் கிடந்ததே.
"ஆடத் தெரியாதவ
கூடம் கோணல்னாளாம்" என்றாள் தேவானை.
"எதிரணிக்கு மட்டும் தனியா வெயிலடிச்சுதா?"

பிராட்டா வந்தது.
கொஞ்ச நேரம் குழம்பில் தோய்ந்தது பேச்சு.
பிறகு பயிற்சியாளர்.
பிறகு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த மூன்றாம் ஆண்டுப் பையன்.
அவனை இறக்கியிருந்தால்,
அவனை அறுபதாவது நிமிடமே இறக்கியிருந்தால்.
இறக்காதவன் ஒருபோதும்
பந்தைத் தொலைப்பதில்லை.

"இருங்க, என்கிட்ட இருக்கு" என்று
கைப்பேசியைச் சம்பல் கிண்ணத்தில் சாய்த்து வைத்தாள் தேவானை.
எண்பத்தெட்டாவது நிமிடம். ஒன்றுக்கு ஒன்று.
பந்து ஜீவகன் காலில்.
வலது ஓரத்தில் ஒருவன்
கையைத் தூக்கியபடி தனியாக ஓடுகிறான்.
ஜீவகன் அவனைப் பார்த்துவிட்டான்,
இடுப்பு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது,
இனி கால் வீச வேண்டியதுதான்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல்,
கிழிந்த குரல்:
"ஜீவா! லெஃப்ட்டு! லெஃப்ட்டு!"

அவன் தலை திரும்புகிறது.
இடது பக்கத்தில் மழைநீர் மட்டும் நிற்கிறது.
அந்த அரைக் கணத்தில்
எங்கிருந்தோ ஒரு பூட்ஸ் நுனி.
மிச்சத்தைப் பார்க்கத் தேவையில்லை,
ஆனாலும் பார்த்தோம்.

"யாருடா இவன்?" ரூபேந்திரன் மேசையைத் தட்டினார்.
"திடலுக்கு வர்றவன் எல்லாருக்கும்
கோச்சுனு நினைப்பு."
தேவானை பின்னோக்கி நகர்த்தி
இன்னொரு தடவை போட்டாள்.
லெஃப்ட்டு, லெஃப்ட்டு.
ஹஸ்புல்லா அந்தக் குரல் மாதிரியே கத்திக் காட்ட,
பக்கத்து மேசையில்கூடச் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
சத்தம் வராமல்.

ஒரு சிவப்புப் புள்ளியைப்
பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான் ஜுன் காய்.
அதன் மேல் எட்டு என்று எழுதியிருந்தது.
வேறு எண் எழுத
அந்தப் படத்தில் இடமில்லை.

எழுந்து போய் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்தேன்,
முப்பத்தொரு வெள்ளி நாற்பது காசு.
"என்ன விசேஷம்?" என்றார் ரூபேந்திரன்.
"உனக்கு ஏன் குரலே எழும்பல?"
"மழை" என்றேன்.

பேருந்து நிறுத்தத்தில் இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தார்,
ஒன்பது, ஒன்பது என்று.
எட்டு, என்று திருத்த
இரண்டு முறை வாயைத் திறந்தேன்.
அதற்குள் 858 வந்துவிட்டது.