பதினைந்து சென்டிமீட்டர்

வண்டியின் பின்சீட்டில் கட்டியிருக்கிறேன்
முப்பது குழாய்களை.
முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம், வெள்ளை பிவிசி,
கீழ்ப்பாதி முழுக்க ஓட்டைகள்.
வேகமெடுத்தால் காற்று புகுந்து ஊதுகிறது,
சம்பளம் பேசி முடிக்காத நாகசுரம் மாதிரி.

கார்த்திகை பிறந்தும் மழை பிடிக்கவில்லை.
ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு என்று
முள்ளியாற்றில் முறை வைத்திருக்கிறார்கள்.
இன்று அடைப்பில் நான்காம் நாள்.
மதகடியில் ஆகாயத்தாமரையும்
ஒற்றை ரப்பர் செருப்பும்
தண்ணீருக்கு முன்பே வந்து இடம் பிடித்திருந்தன.

குழாயை வயலில் நடுங்கள்.
உள்ளே தண்ணீர்
மண்மட்டத்துக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் இறங்கட்டும்.
அதுவரை பாய்ச்ச வேண்டாம்.
பயிற்சியில் எனக்குச் சொன்னது,
நான் ஊர் ஊராகச் சொல்வது.
காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பேர் நன்றாகத்தான் இருக்கிறது.
தேங்கிய தண்ணீரைக் கண்டால்தான் தூக்கம் வரும் ஆட்களிடம்
கண்ணுக்குத் தெரியாத தண்ணீரை நம்பு என்பது
லேசில்லை.

தலைமடையில் வேலை பார்த்தபோது
போர்செட் கொட்டகை நிழலில் ஒருவர் கேட்டார்:
'நான் மிச்சம் புடிக்கிற தண்ணி
யாரு கணக்குல ஏறும்?'
மீட்டர் இல்லாத மோட்டார் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.
சுற்றறிக்கையைப் புரட்டுவதுபோல் புரட்டினேன்.

இங்கே, கடைமடையில்,
செங்கொடிக்கு நான்கு மா.
பட்டா சாமி பேரில்.
குத்தகை, செத்துப்போன மாமனார் பேரில்.
சாகுபடி மட்டும் அவள் பேரில்,
அதுவும் வாய்ப்பேச்சில்.
'சிட்டா இருக்கா?' என்றேன்.
'கோயில் நடை சாத்திட்டாங்க மேடம்,
சாயங்காலம் கேட்டுப் பாருங்க.'

பண்ணைக்குட்டை, நுண்ணீர்ப் பாசனம்,
பாதி மானியத்தில் குழாய்ப் பாதை.
செயலியில் ஒவ்வொன்றாகத் தொட்டேன்.
எல்லாமே பட்டாதாரரை
வயலில் நிறுத்திப் படமெடுக்கச் சொன்னது.
பட்டாதாரர் கருவறையில் இருந்தார்.

சரி, இதையாவது வைத்துக்கொள் என்று
கணக்கில் சேராமல் ஒரு குழாயை உருவினேன்.
வாங்கவில்லை.
வரப்பில் இறங்கி முன்னால் நடந்தாள்.

வயல் நடுவே ஏற்கெனவே ஒன்று நின்றது.
எங்கோ ஒடிந்த கழிவுநீர்க் குழாயின் துண்டு,
கம்பியைக் காய்ச்சி இழுத்த ஓட்டைகள்
கோணல்மாணலாய், விளிம்பு கருகி.
'போன வருஷம் ஒங்க மாதிரி வயல்ல பாத்தேன்.'
கூட்டத்தில் உன்னைப் பார்த்த ஞாபகம் இல்லையே என்றேன்.
'கூட்டத்துக்கு வரல. நடவுக்கு வந்தேன்.'

குனிந்து எட்டிப் பார்த்தேன்.
அடியில் ஒரு வயல்நண்டு
கொடுக்கை உயர்த்தியது,
தன் பேரில் பட்டா இருப்பதுபோல.
ஸ்கேலை இறக்கினேன். பதினொன்று.
'இன்னும் ரெண்டு விரக்கட' என்றாள்,
ஸ்கேலைப் பார்க்காமல்.
'வெள்ளிக்கெழம மொறத்தண்ணி வரும்.
நான் சனிக்கெழம தொறந்தாப் போதும்.'

அந்த ஒரு நாள் தண்ணீர்?

'கீழ வயலுக்குப் போவட்டும்.
அவனுக்கு மேட்டு நெலம், ஏறவே மாட்டேங்குது.'
கொஞ்சம் நின்று,
'முந்தா வருஷம் எம் மம்பட்டியப் புடுங்கி
ஆத்துல எறிஞ்சவந்தான்' என்றாள்.

நண்டை எடுத்துப் போடவா என்று கேட்டேன்.
'இருக்கட்டும். அதுவும் எறங்குற தண்ணியத்தானே
பாத்துக்கிட்டிருக்கு.'

படிவத்தின் நான்காம் பக்கத்தில்
சேமிக்கப்பட்ட நீர் என்றொரு கட்டம் உண்டு.
பயனாளி எண் போடாமல் அது திறக்காது.

வெள்ளிக்கிழமை முறை வரவில்லை.
மேலே எங்கோ கரை உடைப்பாம்.
ஞாயிறு விடியலில் வந்தது என்று லஸ்கர் போனில் சொன்னார்.
அவள் அன்றே திறந்தாளா,
ஒரு நாள் விட்டாளா என்று கேட்க
வாய் வரை வந்தது.
குழாய் எத்தனை கொடுத்தீர்கள் என்று
இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது.