நாக்கை நீட்டச் சொன்னேன்

லிமாவில் ஜூலை மாதம் மழை பெய்வதில்லை.
பெய்யாமலும் இருப்பதில்லை.
கரூவா என்பார்கள் அதை:
மழையாவதா பனியாவதா என்று முடிவெடுக்காமல்
சன்னல் கம்பியில் நாள் முழுக்கத் தொங்கும் ஈரம்.
அப்படியொரு காலையில்தான்
சத்துர்னினோவின் கோப்பைத் திறந்தேன்.
பதினோரு வருஷக் கனம்.

முதல் பக்கத்தில் மனச்சிதைவு.
அடுத்த பக்கத்திலும்.
ஒருவர் எழுதியதைப் பார்த்து
இன்னொருவர் எழுதியிருந்தோம்
பரீட்சை அறைப் பையன்கள் போல.

கான்யேத்தே பள்ளத்தாக்கில்
பருத்திக் காட்டுக்கு டிராக்டர் ஓட்டியவன்.
முப்பத்தொன்பதாம் வயதில் ஓர் இரவு
வாய்க்கால் தன் பெயரைச் சொல்வதைக் கேட்டான்.
மைத்துனன் தண்ணீரில் விஷம் கலக்கிறான் என்று
மடையை உடைத்தான்.
குரல், சந்தேகம், உடைந்த மடை.
எங்களுக்கு அது போதும்.
ஹாலோபெரிடால் கொடுத்தோம்.

நான்காம் வருஷம் விரல்கள் ஆடத் தொடங்கின,
இல்லாத அரிசியில் கல் பொறுக்குவது போல.
பிறகு தோள். பிறகு புருவம்.
யாரோ கூப்பிட்டுத் திரும்புவது போலக் கழுத்து.
"மாத்திரையின் பக்கவிளைவு" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு.
பச்சை மை, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து.
என் எழுத்து.

குடும்ப வரலாறு என்ற கட்டத்தில் ஒரே வரி:
தகப்பன் குடிகாரன், வாய்க்காலில் விழுந்து இறந்தான்.
யாரைக் கேட்டு எழுதினோம் என்று இல்லை.

அன்று தங்கை வந்திருந்தாள், தொமித்திலா.
மூன்று மணி நேரப் பஸ்.
டப்பாவில் அவித்த சோளம், உப்புப் பாலாடைக்கட்டி.
"அப்பா எவ்வளவு குடிப்பார்?"
பேனாவைப் பார்த்தபடியே கேட்டேன்.
"எங்கள் சபையில் காப்பிகூடக் குடிக்க மாட்டோம், டாக்டர்.
அவர் நடையே அப்படித்தான்.
ஊருக்கு நாக்கில் நரம்பில்லை.
அத்தைக்கும் அதே நடைதான்.
அவளைக் குடிகாரி என்று சொல்லவில்லை,
சூனியம் என்றார்கள்."

பேனாவை மூடினேன்.
அவன் முன்னால் போய் நின்று,
"நாக்கை நீட்டு,
பத்து எண்ணும்வரை உள்ளே இழுக்காதே" என்றேன்.
இரண்டில் போயிற்று.
மறுபடி. மூன்றில்.
வளைக்குள் நண்டு போவது போல.
மன்னிப்புக் கேட்டான்.

"இப்படி, அண்ணா" என்று
சோறூட்டும்போது தானும் வாய் திறக்கும் தாயைப் போல
தொமித்திலா தன் நாக்கை நீட்டிக் காட்டினாள்.
அவனுக்காகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
நான்கு. ஐந்து.
அவளுடையது உள்ளே போயிற்று.
அவளுக்குத் தெரியவில்லை.
சிரித்துக்கொண்டே மறுபடி நீட்டினாள்.
நாற்காலிக்கு அடியில் அவள் செருப்பு
தானாகக் கழல்வதும் மாட்டிக்கொள்வதுமாக இருந்தது.

அந்த மாத்திரையில் ஒன்றைக்கூட
விழுங்கியறியாதவள்.

தலையெழுத்து என்ற சொல்லை நான் நம்புகிறவன் இல்லை.
ஆனால் ரத்தத்தை அனுப்பினால்
பதில் எழுத்தாகத்தான் வருகிறது.
அவனுடையது மூன்று வாரம் கழித்து வந்தது:
மூன்றே எழுத்து,
திக்குவாயில் சிக்கிய சொல்லாக
நாற்பத்து நான்கு முறை.

வாய்க்கால் பேசியது அவனுக்குப் பொய்யில்லை.
அந்தக் குரலை மட்டும் நாங்கள் விசாரித்தோம்.
காலிடம் கேட்கவில்லை. அப்பன் நடந்த தெருவிடம் கேட்கவில்லை.
பச்சை மையை அடித்துவிட்டு வேறு சொல் எழுதினேன்.
கனிவான சொல் ஒன்றும் இல்லை.
பழைய பெயர் அவன் கட்டிலோடு நின்றது.
புதிய பெயருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்:
தொமித்திலாவின் மூத்தவள் நர்ஸ் படிப்பில் முதல் வருஷம்,
சின்னவன் பள்ளி அணியின் கோல்கீப்பர்,
எந்தப் பந்தையும் விடுவதில்லையாம்.

அதெல்லாம் பிறகு.
அன்று காலை அவள் நோயாளி இல்லை.
துணைக்கு வந்தவள். துணைக்கு வந்தவளுக்குக் கோப்பு கிடையாது.
அண்ணனின் மோவாயைத் துடைத்தாள்,
கடைசி பஸ் நாலரைக்கு என்றாள்,
டப்பாவை மூடப் பார்த்தாள்.
மூடி விளிம்பில் பொருந்தாமல்
கொஞ்ச நேரம் கிடுகிடுவென்று அடித்தது.

"குளிர்" என்றாள்.

வெளியே அது இன்னும் மழையாகவில்லை.

"ஆமாம்" என்றேன்.