நாலு கோடியில் நிற்கும் சிறுமி

சுக்ரேயிலிருந்து பொட்டோசிக்கு
முந்நூறு மூட்டை சிமெண்ட்.
கன்னத்தில் கோக்கா இலை,
ஒரு ஹெட்லைட் எரியாது,
ராத்திரி மழையில் ரோடெல்லாம் சேறு.
பள்ளிக்கூட வளைவில்
குறுக்கே ஒரு கம்பளி நூல்.

சிவப்பு நூல். லாமா ரோமம்.
இடுப்புயரத்தில் அதைப் பிடித்தபடி
நடுரோட்டில் ஒரு சிறுமி.

ஹாரன் அடித்தேன்.
போலீஸ்காரர் மாதிரி உள்ளங்கையைக் காட்டினாள்.
"போக முடியாது. இது நாலு கோடி வருஷம்."

இறங்கினேன்.
பேர் யாமிலே. முன்பல் ரெண்டு இல்லை.
நூலில் ஒரு மில்லிமீட்டர்
ஆயிரம் வருஷமாம்.
டீச்சர் செனோபியா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து
அறுபத்தெட்டு மீட்டர் அளந்தாராம்.
முற்றம் பத்தவில்லை.
காலம் கேட்டைத் தாண்டி
சால்தேனா விற்கும் வண்டியை உரசி
ரோட்டைக் கடந்து
எதிர்ப்பக்க உருளைக்கிழங்கு வயலில் போய் முடிகிறது.

வயலில் விளாதிமிர்.
அவன்தான் டைனோசர்.
நுனியைப் பிடித்துக்கொண்டு கர்ஜிப்பது அவன் வேலை.
இங்கே ஒன்றும் கேட்கவில்லை,
வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

பள்ளிக் கதவருகே, இந்த முனையில், தள்ளுமுள்ளு.
இன்கா ராஜா,
தியவானாக்கு வாசலில் கல் செதுக்கியவன்,
எகிப்தில் பிரமிடுக்குக் கல் இழுத்தவன்,
மூன்று பேருக்கும் சேர்த்து
அரை சென்டிமீட்டர்தான் இடம்.
"நகருடா, நீ என் மேல நிக்கிற."
ஒரு சாம்ராஜ்யம் இன்னொன்றின் காலை மிதிக்க,
எதுவோ ஒன்று ஓவென்று அழுதது.

"நீ யாரு?" என்றேன்.
"நான் யாருமில்லை."
அவள் முகம் சுண்டிப்போயிற்று.
"எல்லாருக்கும் மிருகமோ ராஜாவோ கிடைச்சுது.
நாலு கோடியில யார் இருந்தாங்கன்னு
டீச்சருக்கே தெரியலை.
பார்த்துச் சொல்றேன்னாங்க.
அதுவரைக்கும் சும்மா பிடிச்சிட்டு நிக்கணும்."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்.
குவாரியில் ஏழு வருஷம் பாறை உடைத்தேன்.
ஒரு மதியம் ஓர் அடுக்கு சரிந்து விழ,
செங்குத்துப் பாறை முழுக்கக் காலடிகள்.
வேலையை நிறுத்து என்றார்கள்.
அரைநாள் கூலி போயிற்று.
காலடி என்றால் எனக்கு அந்த அரைநாள்தான்.
ஏதோ பெரிய பிராணிகள்
பல்லி மாதிரி சுவரில் ஏறியிருக்கும்
என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்,
சொல்லவும் சொன்னேன்.

"ஐயோ மாமா, அது ஏரிக்கரைச் சேறு.
அதுங்க சும்மா நடந்துதான் போச்சு.
தரைதான் அப்புறமா எழுந்து நின்னுச்சு."

பிறகு லாரியை அண்ணாந்து பார்த்தாள்.
"என்ன லோடு?"
"சிமெண்ட்."
"அந்தக் குவாரிக் கல்லா?"
"ஆமா."
"அப்ப உள்ளே யாரோட காலடி?"

முந்நூறு மூட்டைக்கும் என்னிடம் பில் இருந்தது.
இதற்கு இல்லை.

டீச்சர் சேற்றில் செருப்பு வழுக்க ஓடி வந்தார்,
மன்னியுங்கள், நூலைத் தாழ்த்து யாமிலே என்றார்.
அவள் குனிந்து
நாலு கோடி வருஷத்தைத் தரையில் கிடத்தி
காற்றில் நகராதிருக்க
இரண்டு பக்கமும் கல் வைத்தாள்.

முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரங்கள் ஏறின.
நூல் அறவில்லை.
கொஞ்சம் புதைந்தது, அவ்வளவுதான்.

கண்ணாடியில் பார்த்தேன்:
என் டயர் தடத்தின் பக்கத்தில் குந்தி
சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.
நோட்டில் ஏதோ எழுதினாள்.
எழுந்து வயலைப் பார்த்துக் கத்தினாள்:

"பத்துக் காலு!
ரொம்ப கனம்!
கூட்டமா வரலை, ஒண்ணுதான்!
கொஞ்ச நேரம் இங்க நின்னுட்டு
பொட்டோசிப் பக்கம் போயிருக்கு!"

வளைவு முடியும்வரை
ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்,
தடம் கோணாமல் விழட்டும் என்று.